அளவும் பங்கும்: திருக்குறள் இல்லறத்தில் சிக்கனமும் நுகர்வு மறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

குடும்பச் சிக்கனத்திற்குச் சான்றாகத் திருக்குறளின் 478-ஆம் குறள் தொடர்ந்து எடுத்தாளப்படுகிறது. அக்குறள் இல்லறவியலில் அன்றி, அரசியலில் வலியறிதல் அதிகாரத்தில் அமைந்துள்ளது. அதன் இருபுறமும் ஈகைக்கும் ஒப்புரவிற்கும் அளவு கூறும் குறள்கள் உள்ளன. இவ்வமைப்பினை நோக்க, வள்ளுவர் கூறும் அளவு தனக்கெனச் சேர்த்து வைப்பதற்கான அளவன்று, பிறர்க்குப் பங்கிடும் ஆற்றலைக் காத்துக்கொள்வதற்கான அளவு என்பது புலனாகிறது. இக்கருத்தினைத் திருக்குறளின் இல்வாழ்க்கை, விருந்தோம்பல், அழுக்காறாமை, வெஃகாமை, ஒப்புரவறிதல், நன்றியில் செல்வம் ஆகிய அதிகாரங்களின் வழியும், புறநானூற்றின் 163, 189-ஆம் பாடல்களின் வழியும் இக்கட்டுரை நிறுவுகிறது. அளவறியும் பொறுப்பு இல்லத்தில் யார்மீது சுமத்தப்படுகிறது என்னும் வினாவையும் திறனாய்வு நோக்கில் எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: திருக்குறள், இல்லறம், சிக்கனம், நுகர்வியம், ஒப்புரவு, புறநானூறு, ஜே.சி. குமரப்பா.

1. முன்னுரை

வருவாய் வரும் வழி சிறிதாயினும், செலவு செல்லும் வழி அகலாதிருப்பின் கேடில்லை என்பது 478-ஆம் குறளின் கருத்து. பள்ளி மேடைகளிலும், சேமிப்பினை வலியுறுத்தும் உரைகளிலும், குடும்ப வரவு செலவு பற்றிய கட்டுரைகளிலும் இக்குறள் இடம்பெறாத நேர்வு அரிது. எளிமையும் தெளிவும் உடைய கருத்தாதலின் அதற்கு விளக்கம் தேவையில்லை என்றே பலரும் கருதுகின்றனர்.

ஆயினும், இக்குறளை இன்றைய குடும்பத்தின் கையில் அப்படியே கொடுக்கும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. வரவிற்குள் செலவினை அடக்கும் குடும்பம், மிஞ்சிய பொருளை என்ன செய்யும் என்னும் வினாவிற்குத் தனித்து நிற்கும் இக்குறளில் விடையில்லை. ஒரு குடும்பம் ஓராண்டு சிக்கனமாக இருந்து, மிஞ்சிய பொருளை முன்பணமாகக் கட்டித் தன் தேவைக்கு மிஞ்சியதொரு வாகனத்தை வாங்கலாம். ஆடித் தள்ளுபடியில் தேவையற்ற துணியை வாங்கியவர், தாம் செலவழித்த தொகையைச் சொல்லாமல் மிச்சம் பிடித்த தொகையைச் சொல்லி மகிழலாம். இவ்விரு நிலையிலும் சிக்கனம் நுகர்வுக்கு எதிரியாக நிற்கவில்லை. அதன் முதற்படியாகவே பயன்படுகிறது. விளம்பரங்கள் சேமிப்பு என்னும் சொல்லைத் தயக்கமின்றிக் கையாள்வதற்கும் இதுவே காரணம்.

ஆகவே, நுகர்வியத்தை மறுக்கும் ஆற்றல் தமிழ் அறநூல் மரபில் உண்டெனின், அது வெறும் செலவுக் குறைப்பில் இருக்க இயலாது. அது வேறெங்கே உள்ளது என்று தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. 478-ஆம் குறள் அமைந்துள்ள இடம்

பரிமேலழகர் உரைவழி வழங்கும் பகுப்பில், வலியறிதல் பொருட்பாலின் அரசியலைச் சார்ந்த 48-ஆவது அதிகாரமாகும். தெரிந்துசெயல்வகை அதற்கு முன்னும், காலமறிதல் அதற்குப் பின்னும் உள்ளன. வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவரின் வலி ஆகியவற்றைத் தூக்கிச் செயல்படுக என்று தொடங்கும் இவ்வதிகாரம் வேந்தனை முன்னிலைப்படுத்துவது. மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்பது 475-ஆம் குறளின் உவமை. மரக்கொம்பின் நுனிவரை ஏறியவன் அதற்கும் அப்பால் ஏற முற்பட்டால் உயிருக்கு இறுதியாகும் என்பது 476-ஆம் குறளின் கருத்து. இரண்டும் எல்லையை அறியாமையின் கேட்டினைக் காட்டுகின்றன.

இவற்றை அடுத்து வரும் 4 குறள்கள் பொருள்வலி பற்றியன. 477-ஆம் குறள், தன்னிடமுள்ள பொருளின் அளவறிந்து ஈக என்றும், அதுவே பொருளைப் போற்றி வழங்கும் நெறி என்றும் கூறுகிறது. அதனையடுத்து 478-ஆம் குறள் அமைகிறது. அளவறிந்து வாழாதவன் வாழ்க்கை உள்ளதுபோலத் தோன்றிப் பின் இல்லாமற்போகும் என்பது 479-ஆம் குறள். உள்ள அளவினை ஆராயாது மேற்கொள்ளும் ஒப்புரவினால் வளத்தின் அளவு விரைந்து கெடும் என்று 480-ஆம் குறளில் அதிகாரம் நிறைவு பெறுகிறது.

இவ்வரிசை கூர்ந்து நோக்கத்தக்கது. நான்கனுள் முதலும் இறுதியும் கொடையைப் பற்றியனவாக உள்ளன. செலவு என்றவுடன் வள்ளுவர் வெளிப்படையாகப் பெயர் சுட்டுவது அணிகலனையோ மாளிகையையோ களியாட்டையோ அன்று. ஈகையையும் ஒப்புரவையுமே ஆகும். கொடுப்பதே செல்வத்தின் இயல்பான போக்கு என்பது இங்கு முன்முடிபாகக் கொள்ளப்பட்டுள்ளது. அப்போக்கு ஒரே நாளில் வற்றிவிடாமல் நெடிது ஓடுவதற்கே கரை கட்டப்படுகிறது. 478-ஆம் குறளை அதன் இருபுறமும் உள்ள குறள்களிலிருந்து பிரித்தெடுக்கும்போது, கரை மட்டும் எஞ்சி ஆறு மறைந்துவிடுகிறது.

இவ்விடத்து ஒரு முரண் சுட்டப்படலாம். ஒப்புரவினால் கேடு வருமாயின், தன்னை விற்றேனும் அக்கேட்டினைக் கொள்ளலாம் என்பது 220-ஆம் குறளின் கருத்து. 480-ஆம் குறளோ அளவறியா ஒப்புரவினைக் கேடாகவே காட்டுகிறது. இவ்வேறுபாட்டினை அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் உள்ள நோக்கு வேறுபாடாகக் கொள்ளலாம். வேந்தனது கருவூலம் அவன் ஒருவனுக்குரியதன்று. அதன் கேடு நாட்டின் கேடாகும். எனினும் இவ்விளக்கம் மட்டும் போதாது. இல்லறத்தானும் தனியன் அல்லன். அவன் பொருளைச் சார்ந்து மக்களும் முதியோரும் உள்ளனர். ஒப்புரவாளன் வறியவன் ஆதலாவது, தான் செய்து பழகிய உதவியைச் செய்ய இயலாது வருந்தும் நிலையே என்று 219-ஆம் குறள் கூறுவது இம்முரணுக்குத் தீர்வாக அமைகிறது. கொடுக்க இயலாமையே வறுமையெனின், கொடுக்கும் ஆற்றலைக் காக்கும் அளவும் ஒப்புரவின் உறுப்பே ஆகும். 480 அவ்வாற்றலைக் காக்கும் வழியைக் கூறுகிறது. 220 அதன் மதிப்பினைக் கூறுகிறது.

3. ஐந்து பங்குகள்

அளவு எதற்காக என்னும் வினாவிற்கு இல்லறவியலின் முதல் அதிகாரமே விடை தருகிறது. தென்புலத்தார், தெய்வம், விருந்து, ஒக்கல், தான் என்னும் ஐவகையினரையும் ஓம்புதல் இல்வாழ்வானின் தலையாய கடன் என்பது 43-ஆம் குறள். இவ்வைந்திற்கும் ஐந்து பங்கு வேண்டியிருத்தலின், அரசனுக்குரிய இறைப்பொருள் ஆறில் ஒன்றாயிற்று என்று பரிமேலழகர் விளக்குவார். இவ்வுரைவழி நோக்கினால், ஒரு குடும்பத்தின் வருவாய் முழுவதும் தொடக்கத்திலேயே பங்கிடப்பட்டுவிடுகிறது. தானும் தன்னைச் சார்ந்தோரும் நுகரும் பங்கு ஆறில் ஒன்று மட்டுமே.

இக்கணக்கினை இன்றைய வரவுசெலவுக் கணக்கோடு ஒப்பிடுவது பயன் தரும். இன்றைய கணக்கில் முதலில் வருவது குடும்பத்தின் தேவை, அடுத்து விருப்பம், பிறகு சேமிப்பு. எஞ்சினால் பிறர்க்கு உதவி. வள்ளுவர் வரிசையில் தான் என்பது இறுதியில் நிற்கிறது. அஃது இறுதியில் நிற்பதனால் இகழப்படுவதும் இல்லை. எல்லா அறங்களையும் தான் உளனாய் நின்றே செய்ய வேண்டியிருத்தலின் தன்னை ஓம்புதலும் அறமாயிற்று என்று பரிமேலழகர் கூறுவது இங்குக் கருதத்தக்கது. உடலை வருத்தியும் மக்களைப் பட்டினியிட்டும் மேற்கொள்ளும் சிக்கனத்திற்கு இந்நெறியில் இடமில்லை.

விருந்தோம்பல் அதிகாரம் இதே கருத்தினை உணவின்மேல் வைத்துக் காட்டுகிறது. விருந்தினரை உண்பித்து எஞ்சியதைத் தான் உண்பவன் நிலத்திற்கு விதையும் இடவேண்டுமோ என்று 85-ஆம் குறள் வினவுகிறது. உடைமை இருந்தும் விருந்தோம்பாத மடமையே வறுமை என்கிறது 89-ஆம் குறள். வறுமை என்பதன் இலக்கணமே இங்கு மாற்றப்படுகிறது. அண்டை வீட்டில் உள்ள பொருள் தன் வீட்டில் இல்லாமை வறுமையன்று. வாயிலில் வந்தவர்க்கு இடவியலாத மனமே வறுமை. நுகர்வியம் ஒரு குடும்பத்திற்கு ஊட்டும் இல்லாமை உணர்வினை இதனினும் நேராக மறுக்கும் குறள் காண்பதரிது.

4. பயன்மரமும் நச்சுமரமும்

சிக்கனத்திற்கும் இவறன்மைக்கும் உள்ள எல்லை நன்றியில் செல்வம் அதிகாரத்தில் வரையறுக்கப்படுகிறது. மனை நிறையப் பொருளைக் குவித்து அதனை உண்ணாது வைத்தவன் செத்தவனே என்று அவ்வதிகாரம் 1001-ஆம் குறளில் தொடங்குகிறது. பிறர்க்குக் கொடுத்தலும் தாம் துய்த்தலும் இல்லாதவர்க்குக் கோடி அடுக்கி இருந்தும் இல்லாததே என்பது 1005-ஆம் குறள். துய்த்தல் இங்குக் கொடுத்தலோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. ஆதலின் வள்ளுவரை இன்பத்தின் பகைவராகக் காட்டும் நுகர்வு மறுப்பு வாதங்களுக்கு நூலில் அடிப்படை இல்லை.

ஒப்புரவறிதலில் வரும் 216-ஆம் குறளையும் இவ்வதிகாரத்தின் 1008-ஆம் குறளையும் இணைத்துக் காணும்போது இக்கருத்து மேலும் தெளிவடைகிறது. நல்லவனிடம் சேர்ந்த செல்வம் ஊருள் பழுத்த பயன்மரம். பிறரால் விரும்பப்படாதவன் செல்வம் நடுவூரில் பழுத்த நச்சுமரம். இரண்டும் மரங்களே, இரண்டும் ஊரில் நிற்பனவே, இரண்டும் பழுத்தனவே. வேறுபாடு மரத்தின் வளத்தில் இல்லை. அருகில் வருபவர் உண்ண இயலுமா என்பதில் உள்ளது. குடும்பத்தின் பொருள்நிலையை அளக்கும் கோலாகச் சேமிப்பின் தொகையையோ வாங்கிய பொருளின் விலையையோ வள்ளுவர் கொள்ளவில்லை. ஊரோடு அப்பொருளுக்குள்ள உறவினையே கொள்கிறார்.

இந்நோக்கில் இவறலும் மிகைநுகர்வும் எதிரெதிரான குற்றங்கள் அல்ல. பெட்டியைப் பூட்டுபவனும் கடைதோறும் வாங்கிக் குவிப்பவனும் பொருள் முழுவதும் தமக்கே உரியதென்னும் ஒரே எண்ணத்தில் நிற்கின்றனர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடிய புறநானூற்று 189-ஆம் பாடல் இதனைத் தொன்மையிலேயே கண்டுள்ளது. உலகாளும் வேந்தனுக்கும், இரவும் பகலும் துயிலாது விலங்கினை வேட்டையாடும் கல்லாதவனுக்கும், உண்பதும் உடுப்பதும் ஒரே அளவினவே என்று கூறும் அப்பாடல், செல்வத்தின் பயன் ஈதல் என்று முடிபு காண்கிறது. தாமே துய்ப்போம் என்று கருதினால் இழப்பவை பல என்றும் எச்சரிக்கிறது. உடலின் தேவைக்கு இயற்கையான எல்லை உண்டு என்பதும், அவ்வெல்லைக்கு மேற்பட்ட பொருள் பிறர் பங்கு என்பதும் அப்பாடலில் ஒரே வாதத்தின் இரு படிகளாக அமைகின்றன. பொருண்மொழிக்காஞ்சித் துறையில் அமைந்த அப்பாடலின் முதற்படியை மட்டும் எளிமைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. இரண்டாம் படியின்றி அவ்வாதம் நிறைவு பெறுவதில்லை.

5. துறவியின் அவாவறுத்தலும் இல்லறத்தானின் வெஃகாமையும்

நுகர்வியத்தின் வேர் ஆசை என்றும், ஆசையை அறுப்பதே மருந்து என்றும் கூறுவது பொதுவழக்கு. இவ்வழக்கிற்குத் துணையாக அவாவறுத்தல் அதிகாரம் காட்டப்படுவதுண்டு. அது துறவறவியலைச் சார்ந்த 37-ஆவது அதிகாரம் என்பது மறக்கப்படுகிறது. குழந்தைக்குப் பால் வாங்க வேண்டியவரிடமும், முதியோர்க்கு மருந்து வாங்க வேண்டியவரிடமும் துறவியின் அறத்தை எதிர்பார்ப்பது முறையன்று. அவ்வாறு எதிர்பார்க்கும்போது குடும்ப எளிமை நிறைவேறாத துறவாகக் குறைவுபடுகிறது. மாந்தர் அதனை வணங்கிவிட்டு ஒதுங்கிவிடுகின்றனர்.

இல்லறத்தானுக்கு வள்ளுவர் விதிப்பது வேறொரு பயிற்சி. இல்லறவியலில் அழுக்காறாமை 17-ஆவது அதிகாரமாகவும், வெஃகாமை 18-ஆவது அதிகாரமாகவும் உள்ளன. இரண்டும் பிறர் ஆக்கத்தைக் காணும் கண் பற்றியன. பிறர்க்குக் கொடுக்கப்படுவதைக் கண்டு பொறாமை கொள்பவனது சுற்றம் உடையும் உணவும் இன்றிக் கெடும் என்கிறது 166-ஆம் குறள். நடுவின்றிப் பிறர் பொருளை வெஃகினால் குடி கெடும் என்கிறது 171-ஆம் குறள். கேடு தனி ஒருவனோடு நில்லாது சுற்றத்திற்கும் குடிக்கும் சென்று சேர்வதாக இரு குறள்களும் கூறுவது நோக்கத்தக்கது.

வெஃகுதல் என்பது பிறர் உடைமையைக் கவர நினைத்தலே அன்றிப் பிறரைப் போல வாங்க நினைத்தல் அன்று என்பது உண்மை. எனினும், இரண்டிற்கும் தொடக்கம் ஒன்றே. தன் தேவையினின்று தோன்றாது, அடுத்த வீட்டைப் பார்த்ததால் தோன்றும் விழைவே அத்தொடக்கம். தமிழ்க் குடும்பங்களின் பெருஞ்செலவுகள் பலவும் தனிமனித இன்ப வேட்கையால் நிகழ்வன அல்ல. திருமணம், காதணி விழா, சீர்வரிசை, அட்சய திருதியையில் வாங்கும் பொன் ஆகிய செலவுகளில் ஊரார் என்ன சொல்வார்கள் என்னும் அச்சமே முன்னிற்கிறது. இத்தகைய செலவினைச் செய்பவரிடம் ஆசையை விடுக என்று கூறுவது பொருந்தாது. அவர் ஆசையினால் வாங்குபவர் அல்லர், ஒப்பீட்டினால் வாங்குபவர்.

இவ்விரு அதிகாரங்களைத் தொடர்ந்து இடையில் 3 அதிகாரங்கள் வர, 22-ஆவதாக ஒப்புரவறிதலும் 23-ஆவதாக ஈகையும் அமைகின்றன. அயலாரைப் போட்டியாளராகக் காணும் நோக்கு நீங்கிய பின்னரே அவரைப் பங்காளராகக் காணும் நோக்கு இயலும் என்பதனை இவ்வைப்புமுறை உணர்த்துவதாகக் கொள்ளலாம். ஈகை அதிகாரத்தின் முதற்குறள் (221) இன்னுமொரு நுட்பமான வேறுபாட்டினைச் செய்கிறது. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை. பிற கொடைகள் யாவும் குறியெதிர்ப்பை நீர்மையன. குறியெதிர்ப்பை என்பது அளந்து வாங்கியதை அதே அளவில் திருப்பித் தருதலாகும். குறிப்பேட்டில் எழுதி வாங்கித் திருப்பிச் செய்யும் மொய்ப் பழக்கத்திற்கு இச்சொல் இன்றும் பொருந்துகிறது. மொய் ஒரு காலத்தில் எளிய குடும்பங்களைத் தாங்கிய கூட்டுறவு முறையாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் விழாவின் அளவு பெருகப் பெருக, அது பகிர்வாக இல்லாமல் கடனாகவே மாறுகிறது. வள்ளுவர் குறியெதிர்ப்பையைப் பழிக்கவில்லை. அதனை ஈகை என்று தவறாக எண்ணுவதையே தடுக்கிறார்.

6. அளவறியும் சுமை யாருடையது?

இதுவரை இல்லத்தை ஓர் அலகாகவே கொண்டு ஆய்வு செய்யப்பட்டது. இல்லத்துள் அளவறியும் பொறுப்பு யாருடையது என்று வினவும்போது, திருக்குறள் எளிதில் கடந்துவிட இயலாத ஒரு சிக்கலைத் தருகிறது.

வாழ்க்கைத் துணைநலத்தின் முதற்குறள் (51) மனைவியை வளத்தக்காள் என்று குறிக்கிறது. தன்னைக் கொண்டவனின் வருவாய்க்கு ஏற்ற வாழ்க்கையை நடத்துபவள் என்பது அதன் பொருள். வரவினை அறிந்து அதற்கு இயைந்த செலவினைச் செய்தல் அவளது கடமையாகப் பரிமேலழகர் உரையில் விளக்கம் பெறுகிறது. மனைத்தக்க மாண்பினுள் துறந்தாரைப் பேணலும், விருந்து அயர்தலும், வறியார்மாட்டு அருளுடைமையும் அடங்கும் என்றும் அவ்வுரை கூறுகிறது. ஆகவே, அளவறிதலும் பங்கிடுதலும் ஆகிய இரண்டுமே மனைவியின்பாற் சேர்கின்றன.

பொறுப்பு அவளுடையதெனின் முடிவெடுக்கும் உரிமையும் அவளுடையதாதல் வேண்டும். பொருட்பாலின் பெண்வழிச்சேறல் அதிகாரம் இதற்கு மாறாக நிற்கிறது. மனைவியின் ஏவலைச் செய்பவனிடம் அறவினையும் சிறந்த பொருளும் இல்லை என்கிறது 909-ஆம் குறள். இல்லாளை அஞ்சுபவன் நல்லார்க்கு நல்லது செய்யவும் அஞ்சுவான் என்கிறது 905-ஆம் குறள். இக்குறள் மனைவியைக் கொடைக்குத் தடையாகக் கருதுகிறது. 51-ஆம் குறளில் கொடைக்குத் துணையாக நிற்பவளே 905-ஆம் குறளில் கொடைக்கு இடையூறாகிறாள். வேந்தனுக்கும் வினையாளனுக்கும் கூறிய எச்சரிக்கை அது என்று அமைதி கூறலாம். அவ்வமைதியை ஏற்பினும், பொறுப்பினை ஒருவரிடமும் உரிமையை மற்றொருவரிடமும் வைக்கும் அமைப்பு நூலில் எஞ்சியே நிற்கிறது.

இச்சிக்கலின்மேல் புறநானூற்று 163-ஆம் பாடல் வேறோர் ஒளியைப் பாய்ச்சுகிறது. பெருஞ்சித்திரனார் முதிரத்துத் தலைவனாகிய குமணனிடம் பரிசில் பெற்று வந்து தம் மனைவிக்குக் கூறுவதாக அமைந்தது அப்பாடல். அக்குடும்பத்தின் முன்னைய நிலையினை அதே புலவரின் 159, 160-ஆம் பாடல்கள் காட்டுகின்றன. குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்பும் மோரும் இன்றி வேகவைத்து உண்ட வறுமை 159-இல் உள்ளது. உணவில்லாத கலத்தைத் திறந்து பார்த்து அழும் சிறுவனுக்குப் புலியைச் சொல்லி அச்சமூட்டியும் நிலவைக் காட்டியும் தாய் ஆற்றும் காட்சி 160-இல் உள்ளது. அவ்வளவு பட்டினியைக் கண்ட இல்லத்திற்குச் செல்வம் வந்தபோது, அதனைப் போற்றி வைத்து நன்கு வாழ்வோம் என்று எண்ணுவதே இயல்பு. பாடல் அவ்வெண்ணத்தையே பெயர் சுட்டி விலக்குகிறது.

மனைவியை விரும்பி வாழ்வோர், அவளால் விரும்பப்படுவோர், அவளுடைய சுற்றத்தில் மூத்தோர், சுற்றத்தின் பசி தீர அவளுக்குக் குறியெதிர்ப்பை தந்து உதவியோர் என அப்பாடல் பெறுவோரை எண்ணுகிறது. பின்னர் இன்னார்க்கு என்று பாராமலும், தன்னோடு கலந்து ஆராயாமலும் எல்லோர்க்கும் கொடு என்கிறார் புலவர். பெறுவோர் பட்டியல் மனைவியின் உறவுகளைக் கொண்டே அமைந்திருப்பது கருதத்தக்கது. வறுமைக் காலத்தில் அண்டை வீட்டில் அளந்து வாங்கி உலைவைத்தவள் அவளே. யாருக்கு எவ்வளவு கடமைப்பட்டுள்ளோம் என்பதை அறிந்தவளும் அவளே. கணவனைக் கேளாமலே கொடுக்கலாம் என்பதனால், பொறுப்பும் உரிமையும் ஒரே கையில் சேர்கின்றன.

இப்பாடலையும் குறையற்ற முன்மாதிரியாகக் கொள்ள இயலாது. பேசுபவர் கணவரே, மனைவியின் மறுமொழி பாடலில் இல்லை. உரிமையும் அவரது வாயிலிருந்தே பிறக்கிறது. மேலும் பரிசிலாக ஒருங்கே வந்த செல்வத்தை அளவின்றி வழங்கலாம். உழைப்பினால் சிறுகச் சிறுக வரும் வருவாயை அவ்வாறு வழங்கினால் இல்லம் நெடிது நில்லாது. முயன்று ஈட்டிய பொருள் தக்கார்க்கு உதவுவதற்கே என்னும் 212-ஆம் குறளும், அளவறிந்து ஈக என்னும் 477-ஆம் குறளும் இத்தகைய நிலைத்த இல்லத்தை நோக்கியன. புறப்பாடலின் உரிமையும் திருக்குறளின் அளவும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் தேவை இங்குப் புலப்படுகிறது.

7. பொருள் வரும் வழியும் வாங்குவோர் பொறுப்பும்

அறவழிக் குடும்ப வாழ்வு செலவின் அளவோடு முடிவதன்று. பொருள் வரும் வழியும் அதனுள் அடங்கும். நன்மையே தருவதாயினும் நடுவுநிலை தவறி வரும் ஆக்கத்தை அன்றே விட்டுவிடுக என்பது 113-ஆம் குறள். அருளோடும் அன்போடும் பொருந்தி வாராத பொருளை ஏற்காது நீக்குக என்பது 755-ஆம் குறள். இவ்விரண்டும் ஈட்டுவோனை நோக்கியன. வாங்குவோனை நோக்கிய குறளொன்று புலால்மறுத்தலில் உள்ளது. உலகத்தார் தின்னும்பொருட்டுக் கொல்லாதிருப்பின், விலையின்பொருட்டு ஊன் தருவாரும் இரார் என்கிறது 256-ஆம் குறள். அக்குறள் துறவறவியலைச் சார்ந்தது. அதன் நோக்கம் புலால் உண்ணாமையே. எனினும், வாங்குபவனது கை தூயதன்று என்று காட்டும் அதன் வாதமுறை, எல்லா நுகர்பொருளுக்கும் நீளக்கூடியது. விற்பவனை உருவாக்குபவன் வாங்குபவனே என்பது அவ்வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தை இக்காலப் பொருளியலில் விரிவாக வளர்த்தவர் தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. நிலைபேறுடைய பொருளாதாரம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1945-இல் வெளிவந்தது. ஒரு பொருளை வாங்குபவர் அப்பொருள் உருவான முறையின் நன்மை தீமைகளிலும் பங்கு பெறுகிறார் என்பது அவரது உறுதியான கருத்து. உயர்ந்த வாழ்க்கைத்தரம், தாழ்ந்த வாழ்க்கைத்தரம் என்னும் வழக்கினையும் அவர் ஏற்கவில்லை. பொருள்களின் எண்ணிக்கை மிகுந்த வாழ்க்கையைச் சிக்கலான வாழ்க்கை என்றும், குறைந்ததை எளிய வாழ்க்கை என்றும் கூறுவதே பொருந்தும் என்றார். பொருள் மிகுந்ததனாலேயே வாழ்க்கை உயர்ந்ததாகாது என்பது அவர் காட்டிய தெளிவு. உடைமையுள் வறுமையைக் கண்ட 89-ஆம் குறளோடு இக்கருத்து ஒத்துச் செல்கிறது.

குமரப்பா பொருளாதாரத்தின் வகைகளைப் படிநிலைப்படுத்தியபோது, கைம்மாறு கருதாத தொண்டின் அடிப்படையிலான பொருளாதாரத்தை உச்சியில் வைத்தார். தாய்மையே அதற்கு அவர் கண்ட எடுத்துக்காட்டு. குடும்பத்தின் இயல்பைப் பொருளாதாரத்திற்கு அளவுகோலாக்க அவர் முயன்றார். இன்று நிகழ்வது அதற்கு நேர்மாறானது. பிறந்த நாளும் பண்டிகையும் உறவின் அன்பும் விற்பனைக்கு உரிய தருணங்களாக மாறுகின்றன. தவணைக் கடன் இல்லத்தின் நாள்காட்டியை வகுக்கிறது. இந்நிலையில் குடும்பம் தன் அளவுகோலை மீட்டுக்கொள்வது பொருளியல் சார்ந்த செயலாகவும் அறம் சார்ந்த செயலாகவும் அமைகிறது.

8. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

478-ஆம் குறளைக் குடும்பச் சேமிப்பிற்கான தனி அறிவுரையாகக் கொள்வது அதன் சூழலோடு பொருந்தாது. 477, 480 ஆகிய குறள்களோடு சேர்த்துக் காணும்போது, கொடுக்கும் ஆற்றலைக் காத்துக்கொள்வதே அளவறிதலின் நோக்கம் என்பது தெளிவாகிறது. வகுப்பறையில் இக்குறளைக் கற்பிக்குமிடத்து இம்மூன்றையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

இவறலும் மிகைநுகர்வும் ஒரே தன்னல நோக்கின் இரு வடிவங்கள். ஆகவே, பிறர்க்குரிய பங்கினை ஏற்காத சிக்கனம் நுகர்வியத்திற்கு மாற்றாக அமைவதில்லை. அது நுகர்வினை ஒத்திவைக்கிறது, விலக்குவதில்லை.

இல்லறத்தானுக்குரிய கட்டுப்பாடு துறவியின் அவாவறுத்தல் அன்று. அயலாரோடு ஒப்பிட்டுத் தோன்றும் விழைவினை நீக்கி, அவரையே ஒப்புரவில் பங்கினராகக் கொள்ளும் பயிற்சி அது.

அளவறியும் பொறுப்பினை மனைவியிடம் வைத்து, முடிவெடுக்கும் உரிமையை மறுக்கும் நிலை திருக்குறளில் உள்ள ஒரு குறையாகும். இக்குறையை மறைத்து வள்ளுவரின் இல்லறத்தைப் போற்றினால், சிக்கனம் என்பது பெண்ணின் தட்டில் குறையும் சோறாகவே முடியும். புறநானூற்று 163-ஆம் பாடலில் மனைகிழத்தி பெறும் உரிமை இக்குறையைக் காணவும் களையவும் துணைபுரிகிறது. வரவினை இருவரும் அறிந்து, பங்கினை இருவரும் வகுக்கும் இல்லத்திலேயே அளவு என்பது அறமாக நிலைபெறும்.